வகுப்பறைக்கு எயார் பியூரிபையர் வாங்குவதா?

எங்கள் முதலாம் தரத்தில் இழுப்பு வருத்தமுள்ள பிள்ளைகள் மூவர் இருக்கிறார்கள். "எயார் பியூரிபையர் ஒன்று வாங்குவோம் சேர்" என்று பெற்றோர் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். கடையில் காட்டியது "அயன் வெளிவிடும், பில்டர் மாற்றத் தேவையில்லை" என்ற மெஷின். காசைக் கொடுக்க முன் நாங்கள் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டினோம்.

முதலில் வந்தது கரி. 1854இல் ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் ஜோன் ஸ்டென்ஹவுஸ் கரியால் காற்றை வடித்துக் காட்டினார். கரி வாடையையும் வாயுவையும் பிடிக்கும். தூசைப் பிடிக்காது, நிரம்பினால் மாற்ற வேண்டும்.

அடுத்தது மின்சாரம். 1907 அளவில் கலிபோர்னியாவில் பிரெடரிக் கொட்ரெல், தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் அமிலப் புகாருக்கு மின்னேற்றம் கொடுத்துத் தகட்டில் படிய வைத்தார். இன்றைய அயன் மெஷின்களும் தூசுக்கு மின்னேற்றம் கொடுப்பவைதான். ஆனால் சிலவற்றிலிருந்து ஓசோன் வெளிவரும். வானத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், நெஞ்சுக்குள் போனால் இழுப்பைக் கூட்டும்.

மூன்றாவது ஹெப்பா வடி. 1940களில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் கதிர்த்தொழிற்பாட்டுத் தூசைப் பிடிக்க உருவானது. 0.3 மைக்ரோமீற்றர் துணிக்கைகளில் 99.97 வீதத்தைப் பிடிக்கும். வாயு, வாடைக்கு உதவாது.

நான்காவது கழியூதா ஒளி. 1941இல் பிலடெல்பியாப் பகுதியில் சின்னமுத்து பரவியபோது, வில்லியம் வெல்ஸ் குழுவினர் விளக்குப் பொருத்திய வகுப்பறைகளில் தொற்று குறைந்தது. கிருமிக்கு அது சரி, தூசுக்கு அல்ல.

2020இல் கொர்சி, ரோசென்தால் என்ற இருவர் நான்கு வடிகளையும் ஒரு மின்விசிறியையும் டேப்பால் ஒட்டி, குறைந்த செலவில் ஒரு பெட்டியை அறிமுகப்படுத்தினார்கள்.

ஆக, தூசுக்கும் புகைக்கும் ஹெப்பாதான் பொருத்தம். ஆனால் அது பூட்டிய அறைக்கு. எங்கள் வகுப்பறைக்கோ அரைச்சுவர்! 2022 டிசம்பர் 9இல் காற்று மாசினால் நாட்டில் பாடசாலைகளை மூடினார்களே, அப்படியான நாளில் அரைச்சுவர் வகுப்பில் எந்த மெஷின் என்ன செய்யும்?

அதனால் மெஷின் வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டோம். பாடசாலைக்குப் பின்னால் குப்பை எரிப்பதை முதலில் நிறுத்துகிறோம். கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கிறோம். பெற்றோரே, இரவில் பிள்ளை தூங்கும் அறையில் நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள். நுளம்பு வலை கட்டுங்கள். சேர்த்த காசில் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் வலை வாங்கலாம். மீதியை என்ன செய்வதென்று அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.