எஞ்சின் நாக்கிங்கும் இக்னிஷன் டைமிங்கும்

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக்கில் பற்றிய தீ சீராகப் பரவி வருகையில், அது இன்னும் எட்டாத மூலையில் எஞ்சிய கலவை, அழுத்தமும் உஷ்ணமும் மிகுந்து தானாகவே ஒரு கணத்தில் எரிந்து, உலோகத்தைத் தட்டினாற்போன்ற ஓசையை எழுப்புவது நாக்கிங் எனப்படும். கலவை எரிந்து முடியச் சிறிது அவகாசம் வேண்டியிருப்பதால், பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சில டிகிரி முன்னதாகவே தீப்பொறி விழவேண்டும். அது அளவுக்கு மிஞ்சி முந்தினால் நாக்கிங் தோன்றும். பிந்தினால் சக்தி விரயமாகி எஞ்சின் சூடேறும்.

ஆதியில் தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது இக்னிஷன் டைமிங்கை, நிர்ணயிப்பது ஓட்டுநரின் கையிலேயே இருந்தது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு 'டி' மாடல் காரில், ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்புறம் அமைந்த நெம்புகோலை மேலே தள்ளினால் தீப்பொறி பிந்தும், கீழே இழுத்தால் முந்தும்; கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புமுன் அதை மேலே தள்ள மறந்தவரின் மணிக்கட்டை, எதிர்த்துத் திரும்பிய கைப்பிடி முறித்துவிடுவதும் உண்டு.

பேட்டரி இக்னிஷன் பரவியபோது, நாக்கிங்குக்கு அதுவே காரணமென்ற பழி அதனை வகுத்த அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங்கின்மேல் விழுந்தது. அவருடைய சகாவான தாமஸ் மிட்ஜ்லி 1916-இல் தொடங்கிய பரிசோதனைகளில், சிவப்பு நிறம் உஷ்ணத்தை ஈர்க்குமென்றெண்ணி மண்ணெண்ணெயில் அயோடினைக் கலந்தபோது ஓசை அடங்கியது. பிற சிவப்புச் சாயங்கள் பலிக்காமையால், அந்தக் குணம் நிறத்தைச் சார்ந்ததன்று, ரசாயனத்தைச் சார்ந்தது என்பது தெளிவாயிற்று. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோவின் ஆராய்ச்சியும் எரிபொருளின் தன்மையே பிரதானமென்று காட்டிற்று. 1921 டிசம்பரில் நாக்கிங்கை அடக்கும் டெட்ரா எத்தில் ஈயத்தின் ஆற்றல் வெளிப்பட்டு, 1923-இல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924-இல் அதைத் தயாரித்த தொழிலாளர் சிலர் ஈய விஷத்தால் மாண்டும் கார்களில் அதன் உபயோகம் உலகெங்கும் பரவி, இந்தியாவில் 2000-ஆம் ஆண்டிலும் இறுதியாக அல்ஜீரியாவில் 2021-ஆம் ஆண்டிலுமே ஒழிந்தது. எரிபொருள் நாக்கிங்கை எவ்வளவு தாங்குமென்பதை அளக்க, ஐசோ ஆக்டேனை 100 எனவும் ஹெப்டேனை 0 எனவும் கொண்ட ஆக்டேன் எண் 1920-களின் பிற்பகுதியில் ஏற்பட்டது.

பின்னர், வேகத்துக்கேற்ப விரியும் எடைகளும், எஞ்சினின் சுமையை உணரும் வாக்குவம் டயாஃப்ரமும் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் அமைந்து, நெம்புகோலின் வேலையை ஏற்றன. எனினும் பெட்ரோலின் தரம் ஊருக்கு ஊர் வேறுபட்டமையால், மாரிஸ் ஆக்ஸ்போர்டு போன்ற கார்களின் லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டரில், முந்துதலையும் பிந்துதலையும் குறிக்கும் 'ஏ', 'ஆர்' என்ற எழுத்துக்களுக்கிடையே கையாலேயே திருப்பத்தக்க ஒரு சிறு திருகு வைக்கப்பட்டிருந்தது.

ஆகவே, பழைய வாகனத்தில் நாக்கிங் ஓசை கேட்டவுடன் டைமிங்கைப் பின்தள்ளி அதை அடக்குவது மட்டும் பரிகாரமாகாது. எரிபொருளின் ஆக்டேன், எரியறையில் படிந்த கரி, ரேடியேட்டரின் நிலை ஆகிய மூன்றையும் ஆராய்ந்த பின்னரே டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடுவது முறையாகும்.