கதிரைப் பின்தொடர்ந்த கணிப்பொறி

கணிப்பொறி விளையாட்டுகளில், தேங்கிய மழைநீரில் தெருவிளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னுள்ள கணக்கு பழையது. விளக்கிலிருந்து புறப்படும் கதிர்களில் மிகச் சிலவே நம் கண்ணை வந்தடைகின்றன. மற்றவற்றைத் தொடர்வது வீண் வேலை. எனவே கண்ணிலிருந்து, ஒவ்வொரு திரைப் புள்ளியின் வழியாகவும், கதிரைப் பின்னோக்கிச் செலுத்தினால் என்ன? 1968-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆர்தர் ஆப்பெல் நிழல்களை இவ்வாறு கணக்கிட்டார். பெல் ஆய்வுக்கூடத்தின் டர்னர் விட்டெட், 1980-இல் வெளியான கட்டுரையில், எதிரொளிப்பையும் ஒளிவிலகலையும் சேர்த்துக்கொண்டார். அவருடைய கோளங்களின் படத்தில் 640×480 புள்ளிகள். அதை வரைய வாக்ஸ் கணிப்பொறிக்கு 74 நிமிடங்கள் பிடித்தன!

3840×2160 புள்ளிகள் கொண்ட 4கே திரைக்கு அதைப்போல் சரியாக 27 மடங்கு புள்ளிகள் வேண்டும். அதுவும் விநாடிக்கு 60 படங்கள். 2018-இல் என்விடியா நிறுவனம், கதிர் எப்பொருளில் மோதுகிறது என்று கண்டறிவதற்கென்றே தனிச் சுற்றுகள் அமைந்த சில்லுகளை விளையாட்டுக்காரர்களுக்குக் கொண்டுவந்தது. அதுவும் போதவில்லை. ஆகவே 1920×1080 அளவில், அதாவது கால்பங்குப் புள்ளிகளுக்கு மட்டும் கணக்கிட்டு, எஞ்சியதை முந்தைய படங்களைக் கொண்டு ஊகித்து நிரப்பும் முறை 2020 முதல் பரவியது. கண்ணுக்கு வராத கதிர்களை ஆப்பெல் கைவிட்டதும் சிக்கனந்தானே என்பீர்கள். ஆனால் அங்கே விடுபட்டது தேவையற்றது. இங்கே விடுபடுவது படத்தின் பகுதியே. விரைந்தோடும் பொருளின் பின்னால் சில சமயம் மங்கிய வால் ஒன்று தெரியும், கவனித்துப் பாருங்கள். ஊகம் பிசகிய இடம் அது.