தோட்டம் விழுங்கிய ஊர்: ஸ்டோவின் உள்ளூர் மரபு மதிப்பு

இங்கிலாந்தின் பக்கிங்காம் நகருக்கு வடமேற்கே உள்ள ஸ்டோ, தேசியப் பதிவேட்டில் முதல் தரம் பெற்ற தோட்டம். அதன் பெருமையைச் சொல்வோர் சார்லஸ் பிரிட்ஜ்மன், வில்லியம் கென்ட், லான்சலட் பிரவுன் என்று மூன்று பெயர்களை வரிசைப்படுத்துவர். கோடு போட்டாற்போன்ற பாதைகளை விட்டு, இயற்கையே அமைத்ததாகத் தோன்றும் நிலக்காட்சிக்கு ஆங்கிலத் தோட்டக்கலை நகர்ந்த வரலாறு இங்கே ஒரே இடத்தில் கிடைக்கிறது. அதில் ஐயமில்லை. உள்ளூர் மரபு மதிப்போ இந்தத் தேசிய மதிப்பின் ஒரு சிறு பங்காகவே கணக்கிடப்படுகிறது. ஸ்டோவில் இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை என்பது என் வாதம்.

இதற்கு முதற்சான்று தோட்டத்துக்குள் மரங்களிடையே நிற்கும் புனித மரியாள் ஆலயம். தோட்டத்தின் மண்டபங்களெல்லாம் தொலைவிலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்று கட்டப்பட்டவை. இடைக்காலத்தைச் சேர்ந்த இந்த ஆலயம் மட்டும் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டது. ஸ்டோ என்ற கிராமத்தின் வழிபாட்டிடம் இது. 18ஆம் நூற்றாண்டில் தோட்டம் விரியவிரியக் கிராமம் அகற்றப்பட்டது. குடிகள் அருகிலுள்ள டாட்ஃபர்டுக்குப் பெயர்ந்தனர். 1741 முதல் இங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த பிரவுன் 1744இல் மணம் முடித்ததும் இந்த ஆலயத்தில்தான். தோட்ட வரலாறுகள் ஆலயத்தைப் பெரும்பாலும் அந்தத் திருமணத்துக்காகவே குறிப்பிடுகின்றன.

ஸ்டோவை உருவாக்கிய காபம் பிரபு, பிரதமர் வால்போலின் கலால் வரித் திட்டத்தை எதிர்த்ததால் 1733இல் படைப்பதவியை இழந்தவர். அதன்பின் அவர் எழுப்பிய ‘பிரிட்டிஷ் சான்றோர் மண்டபம்’ 16 மார்பளவுச் சிலைகளைக் கொண்டது. மன்னரின் வரியை எதிர்த்த பக்கிங்காம்ஷயர்க்காரர் ஜான் ஹாம்டனும் அவற்றில் ஒருவர். மண்டபத்தின் பின்புறம் ஃபிடோ என்ற நாய்க்குக்கூடக் கல்வெட்டு உண்டு. சுதந்திரத்தைப் போற்றியவரின் தோட்டத்துக்காக ஓர் ஊர் காலியானதை முரண்நகை என்று சொல்லிக் கடந்துவிடலாம். அது போதாது. காபமின் விக் கட்சி போற்றியது, அரசனின் தலையீட்டிலிருந்து நிலவுடைமையாளர் பெறும் சுதந்திரம். மண்டபத்தைக் கட்டியதும் வீடுகளை அகற்றியதும் அந்த ஒரே கொள்கைதான்.

தோட்டத்தால் வட்டாரம் பிழைத்ததே என்று கேட்கலாம். உண்மைதான். பார்வையாளருக்கென்று 1717இலேயே விடுதி கட்டப்பட்டது. பக்கிங்காமைச் சேர்ந்த பென்டன் சீலி 1744இல் வழிகாட்டி நூல் வெளியிட்டார். ஆனால் வருமானம் வந்தது என்பதால் இழப்பு இல்லாமல் போய்விடாது. பிரவுன் காலத்தில் ‘கிரேக்கப் பள்ளத்தாக்கு’ முழுவதும் மனிதக் கைகளால் தோண்டப்பட்டது. வரலாற்றில் தோண்டியவர்களுக்குப் பெயரில்லை.

தமிழ் வாசகருக்கு இது அறிமுகமான செய்தியே. ஸ்டோவுக்கு உரியவரான மூன்றாம் பக்கிங்காம் கோமகன் 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தார். தாது வருடப் பஞ்சத்தின்போது, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியை நிவாரண வேலையாக வெட்டியவர்கள் பசித்த கூலிகள். கால்வாய்க்கு நிலைத்ததோ கோமகன் பெயர்.

ஸ்டோவுக்குத் திரும்பினால், இரண்டாம் கோமகனின் கடனால் 1848இல் அங்கிருந்த மாளிகையின் பொருள்கள் 40 நாள் ஏலம் போயின. 1923இல் மாளிகை பள்ளியாயிற்று; 1989இல் தோட்டம் நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுக் காப்பு அமைப்பின் வசம் வந்தது. அதன்பின் நடந்த சீரமைப்பு பாராட்டத்தக்கது: விற்றுப்போன சிலைகள் பலவற்றுக்குப் படிகள் செய்து நிறுத்தினார்கள், விடுதியையும் மீட்டார்கள். கிராமத்தை மீண்டும் கட்டுங்கள் என்று எவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் தோட்டத்தின் எல்லைச் சுவரோடு மதிப்பீடு நின்றுவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆலயம், கல்லறை நிலம், பழைய ஊர்ப்பாதைகள், விடுதி, டாட்ஃபர்ட் ஆகியவற்றை ஒரே மரபுத்தொகுதியாகப் பதிவு செய்வதே முறை. அத்தொகுதியில் மண்டபங்களும் ஓர் உறுப்பாக இடம்பெறட்டும்.