சேக்ரமென்டோவில் பேத்தி திருத்திய பாடம்



மகள் வீட்டுக்கு அமெரிக்கா வந்து இரண்டு மாதமாகிறது. கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகரான சேக்ரமென்டோவில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பழைய நகரப் பகுதியைக் காட்ட அழைத்துப் போனார். அங்கே சில கட்டடங்களில் இன்று நிலவறையாக இருப்பது ஒரு காலத்தில் தரைத்தளமாம். "தெருவையே மண் கொட்டி உயர்த்திவிட்டார்கள் மாமா" என்றார். ஏன் என்று படிக்க உட்கார்ந்தவன் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

சேக்ரமென்டோ ஆறும் அமெரிக்கன் ஆறும் கூடுகிற இடத்தில் இருக்கிறது இந்த ஊர். கிழக்கே சியரா நெவாடா மலைத்தொடர். இங்கே குளிர்காலம்தான் மழைக்காலம். மலையில் அது பனியாக விழுந்து தங்கி, வசந்தத்திலும் கோடையிலும் மெல்ல உருகி இறங்கும். தங்கம் தேடி 1848க்குப் பிறகு ஜனம் குவிந்தபோது ஆற்றங்கரையிலேயே ஊர் எழும்பியது. 1850 ஜனவரியிலேயே வெள்ளம் புகுந்தது. கரை கட்டினார்கள். இனி பயமில்லை என்று இருந்துவிட்டார்கள்.

1861 குளிர்காலத்தில் மலையில் கனத்த பனி விழுந்தது. அதன்மேல், டிசம்பரில், வெதுவெதுப்பான காற்றோடு பெருமழை. டிசம்பர் 9ஆம் தேதி அமெரிக்கன் ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் வந்தது. வந்த தண்ணீர் வெளியேற வழியில்லை. ஊரைக் காக்கக் கட்டிய கரையே தண்ணீரைத் தொட்டி மாதிரி தேக்கி வைத்துக்கொண்டது. கடைசியில் அந்தக் கரையைத் தாங்களே வெட்டிவிட வேண்டியதாயிற்று.

ஜனவரியில் மறுபடியும் வெள்ளம். 1862 ஜனவரி 10ஆம் தேதி லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ஆளுநராகப் பதவியேற்கப் படகில் போனார். திரும்பி வந்து மாடி ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தார் என்று சொல்கிறார்கள். பின்னாளில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் இவர்தான். சட்டமன்றம் அந்த மாதமே சான்பிரான்சிஸ்கோவுக்கு மாறிப்போனது. மாநிலத்தின் நடுப் பள்ளத்தாக்கு சுமார் 480 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலாய் நின்றது. இரண்டு லட்சம் மாடுகள் செத்தன என்று ஒரு கணக்கு. அதற்குப் பிறகுதான் தெருக்களை உயர்த்தும் வேலை தொடங்கியது.

இதைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொண்டிருந்தபோது வாத்தியார் தோரணையில் ஒரு விளக்கமும் கொடுத்தேன். ஐஸ்கட்டியில் தண்ணீர் ஊற்றினால் கரைகிற மாதிரி, மழை பனியைக் கரைத்துவிட்டது என்றேன். ஏழாவது படிக்கிற பேத்தி, "எவ்வளவு மழைக்கு எவ்வளவு பனி கரையும் தாத்தா?" என்றாள். நோட்டை எடுத்தேன். உள்ளுறை வெப்பம் ஞாபகம் இருக்கிறதா பிள்ளைகளே? ஒரு கிராம் பனி உருக 80 கலோரி வேண்டும். 10 டிகிரி மழைநீர் ஒரு கிராம் கொடுப்பதோ 10 கலோரி. எட்டு கிராம் மழை பெய்தால் ஒரு கிராம் பனிதான் உருகும். என் விளக்கம் அங்கேயே விழுந்தது.

பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பெரிய வேலையைச் செய்வது மழையோடு வருகிற ஈரக்காற்று. அதிலுள்ள நீராவி பனியின்மேல் பட்டுத் தண்ணீராகும்போது கிராமுக்கு ஏறக்குறைய 600 கலோரியை விடுகிறது. அந்த ஒரு கிராம், ஏழு கிராமுக்கு மேல் பனியை உருக்கும். அதோடு, பனியாக மலையில் தங்க வேண்டியது மழையாகவே விழுந்து, ஏற்கெனவே ஈரம் ஏறிய பனிக்குள் புகுந்து வழிந்துவிடும். மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஆற்றுக்கு வரும்.

இதில் என் மனதைத் தைத்தது வேறு ஒரு செய்தி. மேரிஸ்வில் என்ற ஊர்ப்பக்கம் இருந்த பழங்குடி மக்கள், பெருவெள்ளம் வருமென்று சொல்லி, ஒரு வாரம் முன்பே மேட்டுநிலத்துக்குப் போய்விட்டதாக 1862 ஜனவரியில் ஒரு செய்தித்தாள் எழுதியிருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

அது அந்தக் காலத்துக் கதை என்று விட முடியாது. 1996 டிசம்பரில் நல்ல பனி, புத்தாண்டை ஒட்டி வெதுவெதுப்பான மழை. 1997 ஜனவரியில் வட கலிபோர்னியாவில் லட்சம் பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். அப்போது அணைகள் எல்லாம் இருந்தன.

மகளும் மாப்பிள்ளையும் இங்கே வீடு பார்க்கிறார்கள். பிடித்திருக்கிற வீடு ஆற்றுக்கரைக்குப் பின்னால், பள்ளத்தில். வெள்ளக் காப்பீடு கட்டாயமில்லை என்று கடன் தருகிறவர்கள் சொல்லிவிட்டார்களாம். "அதான் கரை இருக்கே அப்பா" என்கிறாள். 1850இலும் அப்படித்தான் நினைத்தார்கள் அம்மா என்றேன். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அரசின் வெள்ளக் காப்பீடு பெரும்பாலும் எடுத்து 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். மழை அறிவிப்பு வந்தபிறகு ஓடிப் பயனில்லை.

பனி விழும் ஊர்களில் இருக்கிற என் மாணவர்களே, பனி நிறையக் கிடக்கும்போது சூடான மழை என்று அறிவிப்பு வந்தால் அலட்சியம் வேண்டாம். காரை மேட்டில் நிறுத்துங்கள், பத்திரங்களை மாடியில் வையுங்கள்.

மகள் இன்னும் முடிவு சொல்லவில்லை. பேத்தி என் பக்கம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்