வாயைப் பொத்தாதே!

சடுகுடுவில் பாடி வருகிறவனை மடக்க ரொம்பச் சுலபமான வழி எது தெரியுமா? காலைப் பிடிப்பதல்ல, இடுப்பைப் பிடிப்பதல்ல... வாயைப் பொத்திவிடுவது! பாட்டு நின்றால் ஆள் அவுட். எதிரே ஏழு பேர், உள்ளே வந்தவன் ஒருத்தன். அவனுக்கு இருக்கிற ஒரே சொத்து அந்த மூச்சு.

தாமிரபரணிக் கரை கிராமங்களில் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் நடந்த சடுகுடுவுக்கு ஊருக்கு ஊர் ஒரு வழக்கம். எழுத்தில் விதிகள் உருவானது மராட்டியப் பக்கம்தான். 1923-ல் பரோடாவின் ஹிந்த் விஜய் ஜிம்கானா அவற்றை வெளியிட்டது. 1950-ல் அகில இந்திய ஃபெடரேஷன் பிறந்தது. கபடியின் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பாடி வருகிறவரின் வாயைப் பொத்தக் கூடாது. தொண்டையை நெரிக்கக் கூடாது. கால்களால் கத்தரிப் பிடி போடக் கூடாது. கை, கால், உடம்பு தவிர வேறெங்கும் - தலைமுடியையோ துணியையோ - வேண்டுமென்றே பிடித்தால், பிடித்தவர்தான் அவுட்! நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். எண்ணெய் பூசிக்கொண்டு வரக் கூடாது. (வழுக்கிக்கொண்டு தப்பிவிடுவார்களே!)

ஒற்றை ஆளுக்கு இத்தனை காவலா என்று கேட்காதீர்கள். அமெரிக்கர்கள் இதைவிட அதிகம் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய ஃபுட்பால், நூறு வருஷத்துக்கு முன்னால் கும்பல் கும்பலாக மோதிக்கொள்ளும் அடிதடி. 1905-ம் ஆண்டு சீஸனில் மட்டும் 18 பேர் செத்ததாகப் பத்திரிகைகள் கணக்குச் சொல்லின. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுக் கண்டித்தார். அடுத்த வருஷம், பந்தை முன்னால் எறியலாம் என்று விதியை மாற்றினார்கள். கும்பல் கலைந்தது. ஆனால், புதுச் சிக்கல்! எறிகிறவர் தூரத்தைப் பார்த்தபடி நிற்பார்; பக்கத்தில் பாய்கிறவன் கண்ணில் படமாட்டான். அவரைக் காப்பாற்ற விதிமேல் விதி வந்தது. 2008-ல் டாம் பிராடி என்கிற நட்சத்திரத்தின் முழங்கால், கீழே கிடந்த ஒருவர் பாய்ந்து மோதியதில் போனது. 2009-லேயே அதற்கும் தடை!

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பிராடிக்கு முழங்கால் போனால் ஒரு சீஸன் போகும். நம்ம ஊர்ப் பையனுக்கு?

தென் மாவட்டங்களில் கபடி என்பது வெறும் ஆட்டம் அல்ல. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு போலீஸ் வேலையோ ரயில்வே வேலையோ கிடைக்காதா என்கிற கனவும்தான் அந்த மண்ணில் புரள்கிறது. பழைய நெல்லை மாவட்டத்தில் இருந்து, 1986-க்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போன ஊர் மணத்தி. அங்கிருந்து வந்த கணேசன், 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். 1995-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. அதே 1995 ஆகஸ்ட்டில்தான், அதே மாவட்டத்தில் கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியது. சாதிப் பகை பற்றி எரிந்த வருஷங்கள் அவை. அப்படிப்பட்ட காலத்தில், எதிராளி கோட்டைத் தாண்டித் தனியாக உள்ளே போவது என்றால் எப்படி இருந்திருக்கும்! 2025-ல் மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' படத்துக்குத் தூண்டுதல் இவர் கதைதான்.

ஆட்டம் இன்று மெத்தைக்கு வந்துவிட்டது. ஒரு ரைடுக்கு 30 விநாடி. மூச்சை அளக்கக் கடிகாரம் இருக்கிறது. வாயைப் பொத்தத் தடை அப்படியே நீடிக்கிறது. ஆனால், கால் பிடிக்கத் தக்க உறுப்பு. திரும்பி ஓடுகிறவனின் கணுக்காலை ஒருவர் கவ்வ, மேலே மூன்று பேர் விழுகிறார்களே... உடம்பு ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம் திருகிக்கொள்ளும் அந்தப் பிடி, இன்றைக்கும் கைதட்டல் வாங்குகிற நல்ல பிடி!