மண்சரிவின் வரலாறும் இயந்திரக் கற்றலும்

மழை மிகுங்காலத்தில் அக்கரப்பத்தனை லயன்களில் வாழ்வோர் மலையை நோக்கி அஞ்சுவர். நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மண்சரிவு அபாயத்தை வரைபடமாக்கும் பணியைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் தொடங்கிற்று. பாறை, சாய்வு, நீர்வடிவு, மண்படை, நிலவுருவம், நிலப்பயன்பாடு ஆகிய காரணிகளுக்கு அன்று வல்லுநரே நிறை வகுத்தனர். இயந்திரக் கற்றலில், கணினி அந்நிறைகளைப் பழைய சரிவுகளின் பதிவுகளிலிருந்து தானே கற்றுக்கொள்கின்றது. பதிவுறாத சரிவு அதற்கு நிகழாத சரிவேயாம். ஆதலின், தோட்டந்தோறும் நிகழ்ந்த சிறு சரிவுகளையும் பதிந்து வைத்தல் வரலாற்று மாணவர்க்கும் கடனாகும்.

எனினும், 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் எச்சரிக்கப்பட்டிருந்தும், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் 2014 ஒக்டோபர் 29இல் மக்களோடு புதையுண்டன. முன்னறிவிப்போடு மாற்று நிலமும் வழங்கப்பட்டாலன்றிக் கணிப்பினாற் பயனில்லை.