மூன்று தோட்டாவும் ஓர் இரவல் துப்பாக்கியும்

வேட்டைக்காரர்களிடையே நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. கையிலிருக்கும் காசுக்குச் சாதாரணத் துப்பாக்கிகள் நாலைந்து வாங்கி வைப்பதா, அல்லது அத்தனையையும் போட்டு உயர்ந்த ரகத்தில் ஒன்றே ஒன்று வாங்குவதா? பல வேண்டும் என்பவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. மானுக்கு ஏற்றது காட்டெருமைக்கு ஏற்காது. பறவைக்கு ரவைத் துப்பாக்கிதான் சரி. ஒன்று பழுதானால் இன்னொன்று கை கொடுக்கும். ஒன்றே போதும் என்பவரோ, பழகிய துப்பாக்கியின் எடையும் விசையும் கைக்குத் தானாகத் தெரியும், ஆபத்து நேரத்தில் அதுதான் உயிர் காக்கும் என்பார்.

இதை வாயால் பேசித் தீர்ப்பதைவிட, 1907ஆம் ஆண்டு இமயமலைச் சரிவில், குமாவோன் பகுதியைச் சேர்ந்த சம்பாவத் என்னும் ஊரில் நடந்ததைப் பார்ப்பது மேல்.

அந்த வட்டாரத்தை ஒரு பெண்புலி ஆட்டிப்படைத்துக் கொண்டிருந்தது. நேப்பாளத்திலும் குமாவோனிலுமாக அது கொன்றவர்கள் 436 பேர் என்பது ஜிம் கார்பெட் எழுதி வைத்த கணக்கு. கிராமத்தார் ஏன் சுடவில்லை என்று கேட்கலாம். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டுக்குள் போக வேண்டியவர்களின் கையில் அரிவாள்தான் இருந்தது. ஒன்றா பலவா என்ற வழக்கே அவர்களுக்கு இல்லை.

புலியை முடிக்க வந்த கார்பெட்டும் பெரிய பணக்காரர் அல்லர். 1875இல் நைனிதாலில் பிறந்தவர். பீகாரில், கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட் என்னுமிடத்தில், ரயில்வே சரக்கை மாற்றி ஏற்றும் குத்தகை வேலை பார்த்தவர். சிறு வயதில் அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி, குழல் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக் குழல். அதில் வலக் குழல் வெடித்திருந்தது. கட்டையும் குழலும் பிரிந்து போகாமல் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள்!

சம்பாவத் தாசில்தார் அன்று ஒரு காரியம் செய்தார். உரிமம் இல்லாத துப்பாக்கியானாலும் கொண்டு வாருங்கள், கண்டுகொள்ள மாட்டேன், மருந்தும் தோட்டாவும் தருகிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். நண்பகலுக்குள் 298 பேர் சேர்ந்தார்கள். அரசாங்கத்துக்குத் தெரியாமல் பரணிலும் பெட்டியிலும் கிடந்தவை எல்லாம் வெளியே வந்தன. பொருட்காட்சிச் சாலையே வைக்கலாம் போன்ற சரக்குகள். மலைமுகட்டில் நின்று சுட்டு, கத்தி, பாறை உருட்டிப் புலியைக் கலைப்பது அவர்கள் வேலை. எதிர்ப்புறம் கார்பெட் நின்றார். அவர் கையில் .500 ரக இரட்டைக்குழல் ரைபிள். தோட்டா மூன்றே மூன்று. இரண்டு சுடுவதற்கு, ஒன்று அவசரத்துக்கு என்பது கணக்கு.

புலி வெளியே பாய்ந்து, தப்பிக்கும் திசையில் ஓடியது. அதைத் திருப்பியது கார்பெட்டின் ரைபிள் அன்று. தாசில்தார் தம் துப்பாக்கியின் இரு குழலையும் வெடித்த சத்தம். திரும்பிய புலிமீது கார்பெட் சுட்ட முதல் குண்டு வீண். இரண்டாவது பட்டது, ஆனால் குறிக்குச் சற்றுப் பின்னால். காரணம் கவனிக்கத் தக்கது. அந்த ரைபிளுக்குக் குறி வைத்தது கடல் மட்டத்தில். மலை உயரத்தில் காற்று மெலிவதால் குண்டு மேலேறிப் போகிறது. நல்ல துப்பாக்கிதான், ஆனால் அந்த இடத்துக்குப் பழகாத துப்பாக்கி. மூன்றாவது குண்டு தோளில் பட்டும் புலி விழவில்லை. அவசரத்துக்கு வைத்த தோட்டாவும் போய்விட்டது.

கார்பெட் மேலே ஓடித் தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கிட்டே வந்து பார்த்தால், குழலுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது! சுட்டால் வெடித்துத் தம் கண்ணையே பறிக்கலாம். வேறு வழியில்லை. திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு போய்ப் பட்டதோ முன்னங்காலில். நல்ல வேளையாக, முன்பு பட்ட காயங்களால் புலி ஏற்கெனவே உயிர் விடும் நிலையில் இருந்தது.

இனி யார் கட்சி வென்றது என்று சொல்லுங்கள்! ஊராரின் ஓட்டைத் துப்பாக்கிகள் இல்லாவிட்டால் புலி புதரைவிட்டு வந்திருக்காது. சுட்டு வீழ்த்தும் வேளையிலோ அவற்றில் ஒன்றையும் நம்ப முடியவில்லை. என்னைக் கேட்டால், நன்கு பழகிய ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்பேன். கார்பெட்டும் பிற்காலத்தில் அப்படித்தான் இருந்தார். கனமான .450/400 இரட்டைக்குழல் ஒன்று வைத்திருந்தார். ஆனாலும் பெரிதும் கையோடு கொண்டு போனது இலேசான.275 ரிக்பி.

அந்த இலேசின் அருமை 1930இல் தெரிந்தது. சௌகர் புலியைத் தேடி வறண்ட ஓடைவழியே போனவர், பாறையைச் சுற்றித் திரும்பியதும் சில அடி தூரத்தில் புலியைக் கண்டார். இடக்கையிலோ பக்கிக்குருவியின் முட்டைகள்! வலக்கையால் மட்டும் துப்பாக்கியை மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். தாம் பிழைத்ததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, அன்று கையிலிருந்தது இலேசான துப்பாக்கி என்பது. கனமான ரைபிளை ஒற்றைக் கையால் அப்படித் திருப்பியிருக்க முடியுமா?

அந்த ரிக்பி அவர் காசு கொடுத்து வாங்கியதன்று. சம்பாவத் புலியைக் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் அளித்த பரிசு. அந்தச் செய்தியைப் பொறித்த தகடு துப்பாக்கிக் கட்டையில் பதிந்திருக்கிறது. 1955இல் கென்யாவில் கார்பெட் மறைந்தபின் அது அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்ட் பதிப்பகத்துக்குப் போயிற்று. 2015இல் அதைச் செய்த ரிக்பி நிறுவனமே திரும்பப் பெற்றது.

நைனிதாலில் நடந்த தர்பாரில் கவர்னர் இன்னொருவரையும் மறக்கவில்லை. சம்பாவத் தாசில்தாருக்கும் ஒரு புதுத் துப்பாக்கி கிடைத்தது.